லட்சத்தீவு: கப்பல் பேக்கேஜா, தீவுலயே தங்குறதா?

டிசம்பர் கடைசி வாரம், அம்மாவுக்கு 63, அப்பாவுக்கு 68, நீங்களும் மனைவியும், 7 வயசுப் பையன், லட்சத்தீவுக்கு கொச்சில இருந்து போற அஞ்சு நாள் சமுத்ரம் கப்பல் பேக்கேஜ் எடுக்கலாமா இல்ல ஃபிளைட்ல அகத்தி தீவுக்குப் போய் நாலு ராத்திரி அங்கயே தங்கிட்டு வரலாமா, எது வொர்த்துன்னு கேட்டிருக்கீங்க. அதுக்குக் கீழ போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க, அம்மாவுக்கு முட்டி வலி உண்டு ஆனா நல்லா நடப்பாங்கன்னு. எனக்கு என்னமோ உங்க மொத்தக் கேள்வியும் அந்த ஒரு வரிலதான் இருக்குன்னு தோணுது. காசு, பஃபே, ரூம் வியூ எல்லாம் ரெண்டாவது. அம்மாவால நடுக்கடல்ல கப்பல்ல இருந்து ஒரு போட்டுக்குள்ள இறங்கி, சாயங்காலம் அதே மாதிரி ஏறி, இதையே மூணு நாள் செய்ய முடியுமான்னு தெரிஞ்சா பாதி முடிவு அங்கயே வந்துரும்.

நான் நாகர்கோவில்ல 19 வருஷமா டிராவல்ஸ் நடத்துறேன். கல்யாண வேன்ல இருந்து விமான டிக்கெட் வரைக்கும் எல்லாம் உண்டு, லட்சத்தீவு அதுல ஒரு சின்ன பங்குதான், ஆனா எங்களுக்கு ரயில்ல ஆறேழு மணி நேரத்துல எர்ணாகுளம் வந்துரும்கிறதால வருஷத்துக்கு நாலஞ்சு குடும்பமாவது என் வழியா போயிட்டு வரும். நானே கப்பல்ல நாலு தடவை, ஃபிளைட்ல மூணு தடவை போயிருக்கேன். டாக்டர் கிடையாது, கப்பல்ல வேலை பார்த்தவளும் கிடையாது, அதனால முட்டிய பத்தியும் கடல பத்தியும் நான் சொல்றது பார்த்தும் பட்டும் தெரிஞ்சதுன்னு எடுத்துக்கோங்க. ரேட் எதுவும் இங்க எழுதல, ஒவ்வொரு சீசனுக்கும் மாத்துவாங்க, நான் இன்னைக்கு ஒரு எண் போட்டா ஆறு மாசம் கழிச்சு யாராவது அத வச்சு சண்டைக்கு வருவாங்க.

முதல்ல அந்தக் கப்பல் என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா குரூஸ்ன்னு நினைச்சுப் போய் மூஞ்சி தொங்கிப்போய் திரும்பினவங்கள நிறைய பார்த்தாச்சு. சமுத்ரம் பேக்கேஜ் ஓடுறது பெரும்பாலும் எம்.வி. கவரத்தின்னு ஒரு கப்பல்ல, 700 பேர் போகலாம், விசாகப்பட்டினத்துல நம்ம நாட்டுலயே கட்டுனது. அது அடிப்படைல தீவுக்காரங்களோட பஸ். கொச்சி ஆஸ்பத்திரில ஆபரேஷன் முடிச்சு வீட்டுக்குப் போற பெரியவர், காலேஜ் லீவுக்குப் போற பசங்க, ஃப்ரிட்ஜு, அரிசி மூட்டை, மெத்தை, எல்லாரும் எல்லாமும் அதுலதான். அதுல டூரிஸ்டுக்குன்னு ரெண்டு பெர்த்து டைமண்ட், நாலு பெர்த்து கோல்டுன்னு கொஞ்சம் கேபின் ஒதுக்கியிருப்பாங்க. கொச்சி வில்லிங்டன் ஐலண்டுல மத்தியானம் ஏறினா அன்னைக்கு ராத்திரி முழுக்க ஓடும், காலைல ஒரு தீவு. கவரத்தி, கல்பேனி, மினிக்காய்னு மூணு தீவ மூணு பகல்ல காட்டிட்டு ஒவ்வொரு ராத்திரியும் கப்பல்லயே தூங்க வச்சு அஞ்சாவது நாள் கொச்சில இறக்கி விட்டுருவாங்க. எந்தத் தீவு முதல்ல வரும்கிறது டிரிப்புக்கு டிரிப்பு மாறும். நீச்சல் குளம், கேசினோ, ராத்திரி ஷோ எல்லாம் வேணும்னா மும்பைல இருந்து வர்ற தனியார் உல்லாசக் கப்பல் வேற, அதுல கப்பல்தான் சுற்றுலா, தீவு பகல் ஒரு வேளை எட்டிப் பார்க்கிறதோட சரி. உங்க கேள்விக்கு அது பொருந்தாதுன்னு விட்டுடறேன்.

இப்போ அந்த இறங்குற விஷயம். இந்தத் தீவுங்க எல்லாம் பவளத் திட்டு, சுத்தி ரீஃப்னு பவளப் பாறை வரம்பு, அதுக்குள்ள லகூன்னு ஆழமில்லாத தண்ணி, பெரிய கப்பல் உள்ள வர முடியாது. சில தீவுல கிழக்குப் பக்கம் ஜெட்டி கட்டியிருக்காங்க, கடல் ஒத்துழைச்சா கப்பல் அங்கயே ஒட்டும், ஆனா அத நம்பி டிக்கெட் எடுக்காதீங்க. இல்லன்னா கப்பல் வெளிய நிக்கும், தீவுல இருந்து போட்டு வந்து கப்பலோட பக்கத்துக் கதவுகிட்ட நிக்கும். அந்தக் கதவுல நீங்க லைஃப் ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு லைன்ல நிப்பீங்க, டீசல் வாடை குப்புன்னு அடிக்கும், கீழ பார்த்தா போட்டு ஒரு நிமிஷம் உங்க கால் மட்டத்துக்கு வரும், அடுத்த நிமிஷம் இடுப்பளவு கீழ போயிரும், திரும்ப வரும். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் நின்னு முழங்கைக்கு மேல இறுக்கிப் பிடிப்பாங்க, போட்டு மேல வர்ற நேரம் பார்த்து ஒரு சத்தம், அவ்வளவுதான், நீங்க அந்தப் பக்கம். இளவட்டத்துக்கு அது ஜாலி. பையன் அதுக்காகவே இன்னொரு தடவை போகணும்பான், அவன தூக்கி கை மாத்தி கொடுத்துருவாங்க. அந்த ஆளுங்க தினமும் கர்ப்பிணி, நோயாளி, கைக்குழந்தைன்னு ஏத்தி இறக்குறவங்க, கை உடும்புப்பிடி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. சிக்கல் எங்கன்னா, அவங்க சத்தம் கொடுக்கிற அந்த ஒரு நொடில நாம தயங்கக் கூடாது. முட்டி வலி இருக்கவங்க தயங்குவாங்க. வலியால இல்ல, வலிக்குமோங்கற பயத்தால.

இது எனக்கு எப்படித் தெரியும்னா நானே ஒரு தப்பு பண்ணியிருக்கேன். ரெண்டாவதோ மூணாவதோ வருஷம், மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தரையும் அவரு வீட்டம்மாவையும் கப்பல்ல அனுப்புனேன். அந்தம்மா தினம் சர்ச்சுக்கு ரெண்டு கிலோமீட்டர் நடந்து போறவங்க, அதனால நான் எதுவுமே கேக்கல. முதல் நாள் அந்தக் கதவுகிட்ட போய் ஒரு தடவை கீழ பார்த்தாங்களாம், கைய உதறிட்டு உள்ள வந்துட்டாங்க. மூணு தீவையும் டெக்குல ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்து பார்த்தாங்க. வாத்தியாரும் ரெண்டாவது நாள்ல இருந்து இறங்கல, மனைவிய விட்டுட்டு எப்படிப் போறதுன்னு. வந்து என்னை ஒரு வார்த்தை திட்டல, மீன் குழம்பு நல்லா இருந்துச்சும்மான்னு மட்டும் சொன்னாங்க, அதுதான் இன்னைக்கும் உறுத்துது.

அதுக்கப்புறம் வயசானவங்க யார் வந்தாலும் நான் ஒரு பரீட்சை வைக்கிறது வழக்கம், சிரிக்காதீங்க. நம்ம டவுன் பஸ்ல பழைய பாடி பஸ் இருக்குல்ல, முதல் படி தரைல இருந்து எவ்வளவு உயரம், அதுல டிரைவர் வண்டிய லேசா நகத்திக்கிட்டே இருக்கும்போது கம்பியப் பிடிச்சு ஒரே மூச்சுல ஏற முடியுதா, இறங்கும்போது பக்கவாட்டுல திரும்பாம நேரா இறங்குறாங்களான்னு பாருங்க. நடக்கிறத வச்சு முடிவு பண்ணாதீங்க. சமதரைல அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறவங்க அந்தப் படில திணறுவாங்க. இது அறிவியல் இல்ல, என் கைக்கணக்கு, ஆனா இத வச்சதுக்கப்புறம் டெக்குல சேர் போட்டு உக்காந்த கஸ்டமர் எனக்கு வரல. மாடிப்படி இறங்கும்போதே முட்டி மடங்குதுன்னு அம்மா சொன்னாங்கன்னா பஸ் பரீட்சையே வேண்டாம், எலும்பு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

சரி, அம்மா பாஸ் பண்ணிட்டாங்கன்னு வைங்க. அடுத்து பார்க்க வேண்டியது நேரம். கப்பல்ல போனா தீவு உங்களுக்குக் கிடைக்கிறது காலைல எட்டு, ஒன்பதுல இருந்து சாயங்காலம் நாலு, நாலரை வரைக்கும். அதுல போட்டுக்குக் காத்திருக்கிறது, சாப்பாடு, வேன்ல சுத்திக் காட்டுறது, மினிக்காய்ல லாவா ஆட்டமோ வேற இடத்துல கோல்களியோ ஒரு நிகழ்ச்சி, எல்லாம் போக தண்ணில கால் வைக்கிற நேரம் ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் மிஞ்சினா பெரிசு. அதுவும் எப்போ, உச்சி வெயில்ல. மண்ணு வெள்ளை வெளேர்னு இருக்குமா, வெயில் மேல இருந்தும் அடிக்கும் கீழ இருந்தும் அடிக்கும், உங்கப்பா தொப்பி இல்லாம பத்து நிமிஷம் நிக்க முடியாது. போட்டோவுல நீங்க பார்த்த அந்தப் பச்சையும் நீலமும் அந்த நேரத்துலதான் நல்லா தெரியும்கிறது உண்மை, கண்ணுக்குக் குறையே இல்ல. ஆனா ஒரு தீவு தீவா இருக்கிறது காலைல ஆறரைக்கும் சாயங்காலம் ஆறுக்கும்தான், அந்த ரெண்டு நேரத்துலயும் கப்பல்ல வந்தவங்க கேபின்லயோ டெக்குலயோ இருப்பாங்க. டெக்கும் மட்டமில்ல, கரை கண்ணுக்குத் தெரியாத கடல்ல நட்சத்திரம் பார்க்கிறது ஒரு தனி அனுபவம், பறக்கும் மீன் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தா டால்பின். ஆனாலும் பையன் அத எவ்வளவு நேரம் பார்ப்பான்னு நீங்களே சொல்லுங்க.

அப்போ ஏன் கப்பல்னு ஒண்ணு இருக்குன்னு கேட்டா என்கிட்ட ஒரே பதில், மினிக்காய். மத்த தீவுங்கள்ல இருந்து ஒன்பது டிகிரி கால்வாயத் தாண்டி தனியா தெற்க கிடக்கு, அதுக்கும் கீழ போனா மாலத்தீவு. ஃபிளைட் கிடையாது. சாதாரணமா நம்மள மாதிரி ஆளு அங்க கால் வைக்கணும்னா கப்பல்தான். மத்த தீவுங்கள்ல மலையாளத்தோட சேர்ந்த ஜெசரி பேசுவாங்க, எங்க நாகர்கோவில் தமிழ வச்சுக்கிட்டே சமாளிச்சுரலாம், மினிக்காய்ல பேசுறது மஹல், மாலத்தீவு மொழி, ஒரு சொல் புரியாது. 1885ல வெள்ளைக்காரன் கட்டுன லைட்ஹவுஸ் இருக்கு, மேல ஏறினா பிறை மாதிரி வளைஞ்ச தீவும் உள்ள லகூனும் வெளிய கறுத்த கடலும் ஒரே பார்வைல தெரியும் (அம்மாவுக்கு அந்தப் படியும் கஷ்டம், இப்பவே சொல்லிடறேன்). சூரை மீனத் தூண்டில்ல ஒண்ணொண்ணா பிடிச்சு, வேக வச்சு, புகை போட்டு, காய வச்சு கட்டை மாதிரி ஆக்குவாங்க, அதுதான் நம்ம ஊர்ல மாசின்னு வாங்கி சம்பலுக்கு இடிக்கிறது. அந்த ஊர் தெரு, வீடு, கிராமத்துக்குக் கிராமம் நிறுத்தி வச்சிருக்கிற நீளமான பந்தயப் படகு, எல்லாமே வேற ஒரு நாடு மாதிரி இருக்கும். உங்கப்பாவுக்கு இந்த மாதிரி மனுஷங்க, ஊரு, சரித்திரம்னு ஆர்வம் இருந்தா கப்பல் அவருக்கு வொர்த்து, அதுல ரெண்டு பேச்சு இல்ல. கவரத்தில உஜ்ரா மசூதியோட மரவேலை, அங்க கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்குற பிளாண்ட், இதெல்லாமும் அவருக்குப் பிடிக்கும். அந்த பிளாண்ட் 2005ல நம்ம சென்னை பள்ளிக்கரணைல இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் போட்டது, கடலுக்கு அடில ஆழத்துல இருந்து குளிர்ந்த தண்ணிய இழுத்து, மேல இருக்கிற வெதுவெதுப்பான தண்ணில இருந்து வர்ற ஆவிய அத வச்சுக் குளிர வச்சு நல்ல தண்ணி எடுக்கிறாங்க, ஒரு நாளைக்கு லட்சம் லிட்டர்.

தீவுல தங்குறது முழுக்க வேற கணக்கு. அகத்திக்கு வர்றது சின்ன ஏடிஆர் விமானம், ரன்வே 1,200 மீட்டர் சொச்சம்தான், தீவோட தெற்கு முனைல ரெண்டு பக்கமும் கடல், இறங்கும்போது தண்ணிலயே இறக்குறான்னு பையன் கத்துவான். அங்க இருந்து தங்குற இடம் கொஞ்ச தூரம்தான், போட்டு ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். ஏறக்குறைய எல்லாத் தீவுமே ரீஃபோட கிழக்கு விளிம்புல உக்காந்திருக்கும், அதனால லகூன் மேற்குப் பக்கம், அலை இல்ல, இடுப்பளவு தண்ணி தூரத்துக்குப் போகும். கிழக்குப் பக்கம் சட்டுன்னு ஆழம், அங்க பையன விடக் கூடாது, இத மட்டும் மனைவிகிட்டயும் சொல்லி வைங்க.

ஒரு சாயங்காலத்த சொல்றேன். போன தடவை அகத்தில, அஞ்சரை மணி இருக்கும், தண்ணி வத்திக்கிட்டே போகுது, கணுக்கால் அளவு ஆயிருச்சு. ரெண்டு அம்மாங்க முழங்கால் வரைக்கும் துணிய ஏத்திச் சொருகி, கைல நீளமான கம்பி வச்சுக்கிட்டு குனிஞ்சு குனிஞ்சு போறாங்க, பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) தேடி. ஒரு கல்லுக்குக் கிட்ட நின்னு கம்பிய உள்ள விட்டு சும்மா ஆட்டுனாங்க, ஒண்ணும் இல்ல, அடுத்த கல்லு, அங்கயும் இல்ல, மூணாவதுல ஒரு கை மட்டும் மெதுவா வெளிய வந்து கம்பியச் சுத்திச்சு. என்கூட வந்த குடும்பத்துப் பையன் ஒருத்தன், எட்டு வயசு, வீட்டுல ஃபோன பிடுங்கினா அழுறவன், அவங்க பின்னாடியே ஒரு மணி நேரம் போனான். இருட்டின பிறகு அவன் பாட்டி கரைல துண்டு விரிச்சு உக்காந்திருக்க, டார்ச்ச அடிச்சா மணல் முழுக்க சங்கு நண்டு நடக்குது. பாட்டிக்கு முட்டி வலிதான், ஆனா அன்னைக்கு அவங்க எங்கயும் ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. இதுக்கு டிக்கெட் கிடையாது, அட்டவணைல வராது, தங்கினாத்தான் கிடைக்கும். இன்னொண்ணு, லட்சத்தீவுல நாயே கிடையாது, பாம்பும் கிடையாதும்பாங்க, ராத்திரி எட்டு மணிக்குத் தெருவுல பிள்ளைய விட்டுட்டு நாம பின்னாடி மெதுவா நடக்கலாம், நம்ம ஊர்ல இத நினைச்சுப் பார்க்க முடியுமா.

தங்குறதுல குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். மூணாவது நாள் உங்கப்பா அடுத்து என்னன்னு கேப்பாரு, அடுத்து ஒண்ணும் இல்ல. தீவே ஏழு கிலோமீட்டர் சொச்சம் நீளம், அகலம் ஒரு தெருவுல இருந்து அடுத்த தெருவு. சாப்பாடு சூரை, தேங்காய், சோறு, திரும்பவும் சூரை. காய்கறி எல்லாம் கேரளாவுல இருந்து கப்பல்ல வரணும், அதனால வீட்டுல யாராவது சுத்த சைவம்னா முதல்லயே சொல்லிருங்க, பருப்பும் அப்பளமும் வச்சு ஓட்டுவாங்க, அதையும் முகம் சுளிக்காம செய்வாங்க. தண்ணி அங்க பொன்னு மாதிரி, பக்கெட்டுல குளிக்கப் பழகிக்கோங்க. மது கிடையாது, பக்கத்துல இருக்கிற பங்காரம் தீவு ஒண்ணுலதான் அனுமதி, இத நீங்க கேக்கல, ஆனா இந்தக் கேள்விய கேக்காத மாதிரி கேக்கிறவங்க அதிகம். ரிசார்ட்டுன்னு போட்டிருக்கிற எல்லாமே மாலத்தீவு போட்டோவ மனசுல வச்சுப் போற இடம் இல்ல, சுத்தமான ரூம், ஃபேனோ ஏசியோ, வெளிய ஒரு ஊஞ்சல், அவ்வளவுதான் நினைச்சுக்கிட்டுப் போங்க. பங்காரத்துல தங்கலாமான்னும் ஒரு இடத்துல கேட்டிருக்கீங்க. அழகுல அகத்திய விட ரெண்டு படி மேல, ஆள் வசிக்காத தீவு. ஆனா அகத்தில இறங்கி திறந்த கடல்ல போட்டுல போகணும், ராத்திரி அம்மாவுக்கு ஒண்ணுன்னா திரும்பவும் அதே போட்டு. பெரியவங்களோட போறப்போ அகத்திலயே தங்கிட்டு, கடல் அமைதியா இருக்கிற ஒரு நாள் நீங்களும் பையனும் மட்டும் பங்காரம், தின்னக்கரா பார்த்துட்டு வர்றதுதான் எனக்குச் சரியாப் படுது. அகத்தில ஆஸ்பத்திரி இருக்கு, பெரிய கேஸுன்னா ஹெலிகாப்டர்ல கொச்சிக்குக் கொண்டு போவாங்க. அப்பாவுக்கு ஹார்ட் ஏதாவது உண்டுன்னா அத நீங்க எழுதல, எழுதாததுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

வானிலை. இதுல உறுதியாத் தெரிஞ்சதையும் தெரியாததையும் பிரிச்சுச் சொல்லிடறேன். மே நடுவுல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவம், அப்போ கப்பல் பேக்கேஜ் கிடையாது, அக்டோபர்ல இருந்து மே வரைக்கும்தான் சீசன், இது உறுதி. டிசம்பர் கடைசில கடல் பெரும்பாலும் நல்லா இருக்கும், தண்ணிக்குள்ளயும் தெளிவா தெரியும், இது அனுபவம். உங்க தேதில நல்லா இருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது. 2017 நவம்பர் 30 ஓகி புயல் எங்க மாவட்டத்த அடிச்சுட்டு அடுத்த ரெண்டு நாள்ல மினிக்காய், கல்பேனின்னு லட்சத்தீவுக்குப் போச்சு, எங்க ஊர்ப் போட்டுங்க சிலது அந்தத் தீவுகள்லதான் போய் ஒதுங்குச்சு. 2019 அக்டோபர் கடைசில மஹா புயலும் அந்த வழிதான். புயலே வேண்டாம், கொஞ்சம் காத்து கூடினாலே கப்பல்ல போனவங்களுக்கு ஒரு தீவு கேன்சல் ஆகலாம், ஃபிளைட்ல போனவங்களுக்குத் திரும்புறது ஒரு நாள் தள்ளலாம். ரெண்டுல எது பரவால்லன்னா, தீவுல ஒரு நாள் கூட மாட்டுறது எனக்கு பரவால்ல, கேபின்ல மாட்டுறது பரவால்ல இல்ல. எதுல போனாலும் திரும்பி வந்த மறுநாளே பையனுக்கு ஸ்கூல், உங்களுக்கு மீட்டிங்னு வச்சுக்காதீங்க, நடுவுல ரெண்டு நாள் விடுங்க.

வாந்தி விஷயம் எல்லாரும் பயப்படுற அளவுக்கு இல்ல, ஆனா சிலருக்கு முதல் ராத்திரி போச்சு. அது யாருக்கு வரும்னு முன்னாடியே சொல்ல எனக்கு ஒரு வழியும் தெரியல, கொடைக்கானல் மலைப்பாதைல ஏழு தடவை வாந்தி எடுத்தவர் கப்பல்ல பிரியாணி சாப்பிட்டதையும் பார்த்திருக்கேன், மீனவர் வீட்டுப் பொண்ணு படுத்த படுக்கையா கிடந்ததையும் பார்த்திருக்கேன். மாத்திரைய வந்தப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல, கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி போடணும், பெரியவங்க ஏற்கனவே சாப்பிடுற பிரஷர், சுகர் மாத்திரையோட அது ஒத்துப் போகுமான்னு அவங்க டாக்டர்கிட்டயே கேளுங்க. கேபின் கேக்க முடிஞ்சா கீழ் தளம், நடுப்பகுதி கேளுங்க, ஆட்டம் அங்கதான் கம்மி. மேல ஜன்னல் வியூன்னு வாங்கிட்டு ராத்திரி முழுக்க ஊஞ்சலாடுறவங்க உண்டு.

பர்மிட் ரெண்டுக்கும் வேணும். 1967 விதிப்படி தீவுக்காரங்க இல்லாத யாரும் பர்மிட் இல்லாம உள்ள போக முடியாது, இந்தியக் குடிமகனா இருந்தாலும். கப்பல் பேக்கேஜ்னா தீவு நிர்வாகத்தோட சுற்றுலா அமைப்பே (பேரு ஸ்போர்ட்ஸ்) அத பார்த்துக்கும், நீங்க ஐடியும் போட்டோவும் கொடுத்தாப் போதும். தங்குறதுக்குப் போறப்போ தங்குற இடத்துக்காரங்க ஸ்பான்சர் மாதிரி நிக்கணும், போலீஸ் கிளியரன்ஸ் கேக்கலாம், அது நம்ம ஸ்டேஷன்ல எத்தனை நாள் எடுக்கும்னு உங்களுக்கே தெரியும். அதனால ஃபிளைட் டிக்கெட்ட மலிவா கிடைக்குதுன்னு முதல்ல போட்டுராதீங்க, 2024 ஜனவரில பிரதமர் போய் போட்டோ போட்டதுல இருந்து கேக்கிற ஆளு பல மடங்கு, ரூமும் பர்மிட்டும் கைக்கு வந்தப்புறம் டிக்கெட். விமானம் எந்த ஊர்ல இருந்து என்னைக்கு ஓடுதுங்கிறதும் சீசனுக்கு சீசன் மாறுது, கொச்சி மட்டும்தான் பல வருஷமா நிலையா இருக்கு. செலவுன்னு பார்த்தா அஞ்சு பேருக்கு எது கம்மின்னு சட்டுன்னு சொல்லிற முடியாது, கப்பல்ல சாப்பாடு, பர்மிட், தீவுல சுத்துறது எல்லாம் உள்ள வந்துரும், தங்குறதுல ஃபிளைட் டிக்கெட்டே பாதி தின்னுரும். ரெண்டையும் மொத்தத் தொகையா மட்டும் பார்க்காம, பையன் தண்ணில இருக்கிற மணி நேரத்தால வகுத்துப் பாருங்க, நான் அப்படித்தான் கஸ்டமருக்குக் கணக்கு போட்டுக் காட்டுறது.

என்னைக் கேட்டா உங்க குடும்பத்துக்கு அகத்தி, நாலு ராத்திரி. அம்மா பஸ் படில தடுமாறினாங்கன்னா இதுல யோசிக்கவே எதுவும் இல்ல. அம்மா சடார்னு ஏறிட்டாங்க, அப்பாவும் மினிக்காய் பார்க்கணும்னு ஆசைப்படுறாருன்னா மட்டும் கப்பல எடுங்க, அப்பவும் பையனுக்கு அது கொஞ்சம் நட்டம்தான், ஆனா அவனுக்கு இன்னும் வயசு இருக்கு, அப்பாவுக்கு 68. போகும்போது ஃபிளைட்டு வரும்போது கப்பல்னு ரெண்டையும் கலக்கலாமேன்னு அடுத்து கேப்பீங்கன்னு தெரியும். வாலிபப் பசங்களுக்கு செஞ்சிருக்கேன், கப்பல் டிக்கெட் கன்ஃபார்ம் ஆகாம அவங்க அங்க உக்காந்திருந்தாங்க, பெரியவங்கள வச்சுக்கிட்டு நான் அதுக்குத் துணிய மாட்டேன். பையன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, கடல் அட்டை, பவளம், எதையும் தொட்டுத் தூக்கக் கூடாது, கரைல செத்துக் கிடக்கிற பவளத் துண்டா இருந்தாலும் பைல வைக்கக் கூடாது, வனவிலங்குச் சட்டத்துல வருது, ஏர்போர்ட்ல பைய ஸ்கேன் பண்ணுவாங்க. அம்மாவ இந்த வாரம் ஒரு நாள் பஸ்ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து சொல்லுங்க தம்பி, தேதி அப்புறம் பேசலாம்.